சூப்பர்சார்ஜர் இரைச்சலுக்கு நடுவே ‘நாக்கிங்’ சத்தத்தை கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பாருங்கள். சில கார்களில் தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி ‘கிணிகிணி’ன்னு ஒரு சத்தம் வரும். மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னால் ‘நாக்கிங்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்தவரை நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும், நின்றுவிடும்.

ஆனால் இன்ஜின் மேலேயே ஒரு காற்று அழுத்தும் இயந்திரம் உட்கார்ந்து, ‘உய்ய்ய்’ என்று சீறிக்கொண்டிருந்தால்? ஊசி மாதிரியான இன்ஜெக்டர்கள் டிக் டிக்கென்று தட்ட, வால்வுகள் அடிக்க, பெல்ட் சுழல, அத்தனைக்கும் நடுவே அந்தக் கிணிகிணி யாருக்குக் கேட்கும்? டிரைவருக்குக் கேட்காது. காருக்குக் கேட்டே ஆகணும். கேட்கவில்லை என்றால் பிஸ்டன் உடையும். இல்லாத சத்தத்தை இருக்கிறதென்று நினைத்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பவர் காணாமல் போகும்.

ஏன் இப்போது இந்தக் கதை? காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சூப்பர்சார்ஜர் வைத்த ஒரு விசித்திரமான சின்ன காருக்கும் இந்த மாவட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஒரகடத்தில் இருந்து ஐரோப்பாவுக்கு

2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ - நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே முதலில் உருண்டு வந்தது நிசான் மைக்ரா. நம் சாலைகளில் ஓடிய மைக்ராவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐரோப்பாவில் விற்ற மைக்ராவும் இங்கேதான் தயாராகி, எண்ணூர் துறைமுகத்தில் கப்பல் ஏறியது.

2011-ல் ஐரோப்பிய மைக்ராவுக்கு ‘டிக்-எஸ்’ என்றொரு இன்ஜின் வந்தது. 1,198 சிசி, மூன்றே சிலிண்டர், நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் வகை, மேலே ஒரு சூப்பர்சார்ஜர். 98 பிஎஸ் பவர், கிலோமீட்டருக்கு 95 கிராம் மட்டுமே கார்பன் டை ஆக்சைடு. ரேஸ் காருக்கு வைக்கிற சமாச்சாரத்தை மைலேஜுக்காக ஒரு குடும்பக் காரில் வைத்தார்கள் என்பதுதான் இதில் சுவாரசியம். அந்த சூப்பர்சார்ஜர் ஈட்டன் நிறுவனத்தின் ‘டிவிஎஸ்’ வகை. நம்ம ஊர் டிவிஎஸ் இல்லை. அது வேற, இது வேற.

இந்தியாவில் அந்த இன்ஜின் விற்கப்படவில்லை. ஆனால் நாக்கிங்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏனென்றால் நாக்கிங் வருவதற்கு என்னென்ன காரணங்கள் உண்டோ, அதில் பாதியை வேண்டுமென்றே மடியில் கட்டிக்கொண்டு பிறந்த இன்ஜின் அது.

நாக்கிங் என்றால் என்ன?

ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் சிலிண்டருக்குள் தீ ஒரே நொடியில் ‘டமார்’ என்று வெடிப்பதில்லை. பிளக் பக்கத்தில் இருந்து ஒரு தீ அலை கிளம்பி, ஓரம் நோக்கிப் பரவுகிறது. அது பரவப் பரவ, ஓரத்தில் இன்னும் எரியாமல் காத்திருக்கும் பெட்ரோல் - காற்றுக் கலவை நசுங்குகிறது, சூடாகிறது. தீ வந்து சேர்வதற்கு முன்பே அந்த ஓரக் கலவை தானாகப் பற்றிக்கொண்டால், அது பரவும் தீ இல்லை, குபீர் தீ. அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதித் திரும்பித் திரும்பி அடிக்கும். நமக்குக் கேட்கும் கிணிகிணி அதுதான்.

இது பொறி வைத்ததற்குப் பின்னால் நடப்பது. பொறி வைப்பதற்கு முன்பே சூடான ஏதோ ஒன்று பற்றவைத்துவிட்டால் அதன் பெயர் ப்ரீ-இக்னிஷன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

லேசான நாக்கிங் எப்போதாவது ஒருமுறை வந்தால் ஒன்றும் ஆகாது. தொடர்ந்து வந்தால் பிஸ்டன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் கலைந்து, வெப்பம் நேரடியாக அலுமினியத்தில் இறங்கும். ஓரம் அரிக்கும். ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் பிஸ்டன் வரப்பு உடையும். அப்புறம் புகை, ஆயில் குடிப்பது, இன்ஜின் இறக்குவது எல்லாம் வரிசையாக வரும்.

சூப்பர்சார்ஜர் ஏன் வம்பு?

சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கும். காற்றை அழுத்தினால் சூடாகும். சூப்பர்சார்ஜர் செய்வதும் அதுதான். டர்போவும் அதையேதான் செய்கிறது. டர்போவைச் சுற்றுவது சைலன்சர் பக்கம் போகும் புகை, சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது இன்ஜினின் பெல்ட். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிலிண்டருக்குள் நுழையும்போதே காற்று சூடாகவும் நெருக்கமாகவும் இருந்தால் ஓரக் கலவை சீக்கிரம் பொறுமை இழக்கும். அதனால்தான் சூப்பர்சார்ஜர் வைத்த இன்ஜின்களில் அழுத்த விகிதத்தை 9 அல்லது 10-க்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். டிக்-எஸ் இன்ஜினில் அது 13. கேட்டாலே மெக்கானிக்குகள் தலையில் கை வைப்பார்கள். இதைச் சமாளிக்க, உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடி உண்மையான அழுத்தத்தைக் குறைத்தார்கள். மில்லர் சுழற்சி என்று பெயர். சூடாகும் எக்ஸாஸ்ட் வால்வுக்குள் சோடியம் வைத்துக் குளிர்வித்தார்கள். பிஸ்டனை ஆயில் கொண்டு குளிர்வித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கடைசிக் காவலாக ஒன்று தேவை. நாக்கிங் வந்ததும் கேட்டுச் சொல்லும் ஒரு காது.

காது எங்கே இருக்கிறது?

இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், போல்ட் போட்டு இறுக்கிய ஒரு வளையம். நடுவிரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதுதான் நாக் சென்சார். உள்ளே இருப்பது பீசோ படிகம். அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் ‘டக்’ என்று அழுத்தினால் பொறி வருகிறதே, அதே தத்துவம்: படிகத்தை நசுக்கினால் மின்சாரம். இன்ஜின் அதிர்வு வளையத்தை நசுக்க, சின்னதாக ஒரு மின் சமிக்ஞை கிளம்பி காரின் கம்ப்யூட்டருக்கு, அதாவது இசியுவுக்குப் போகிறது.

1978 மாடல் ப்யூக் டர்போ கார்களில் இதை வைத்தார்கள். 1982-ல் ஸ்வீடனின் சாப், டர்போவின் அழுத்தத்தையே இதை வைத்துக் கட்டுப்படுத்தியது. அதற்கு முன்? காதுதான். இரண்டாம் உலகப்போர் விமானங்களின் சூப்பர்சார்ஜர் இன்ஜின்களில் காதும் உதவாது. புரொப்பல்லர் இரைச்சலில் நாக்கிங் கேட்கவே கேட்காது. 1940 வாக்கில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறின. சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை இன்னும் ஏற்ற முடிந்தது அதனால்தான். விமானிகளுக்கோ இவ்வளவு அழுத்தத்துக்கு மேல் போகாதே என்று எல்லை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சரி, சென்சாருக்கு எல்லா அதிர்வும்தான் வரும். சூப்பர்சார்ஜரின் பல் சக்கரம், பெட்ரோல் பம்ப், வால்வு, பிஸ்டன் ஆட்டம், கரடுமுரடான சாலை வரை. அதில் நாக்கிங்கை மட்டும் எப்படிப் பிரிப்பது?

கூட்டத்தில் மணிச் சத்தம்

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்குப் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். மேளம், நாதஸ்வரம், கோஷம், குழந்தைகளின் அழுகை, போலீஸ் மைக். அத்தனைக்கும் நடுவே தீபாராதனை மணி உங்களுக்குக் கேட்கிறது. மற்ற சத்தத்தைவிட அது பெரியது என்பதாலா? இல்லை. அந்த மணியின் சுருதி உங்களுக்குத் தெரியும். எந்த நேரத்தில் அடிக்கும் என்பதும் தெரியும். இசியுவும் இந்த இரண்டையும்தான் வைத்திருக்கிறது.

முதலில் சுருதி. பெரிய மணி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும், சின்ன மணி கீச்சென்று ஒலிக்கும். சிலிண்டரும் ஒரு மணிதான். அதன் அகலத்தையும், எரிந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தையும் வைத்து நாக்கிங்கின் சுருதியைக் கணக்குப் போடலாம். அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் 1930-களில் காட்டிய வழி இது. டிக்-எஸ் சிலிண்டரின் அகலம் 78 மில்லிமீட்டர். சூடான வாயுவில் ஒலி நொடிக்கு சுமார் 950 மீட்டர் ஓடும் என்று வைத்தால், சுருதி 7.1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அதே ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட், ரெனோ கைகர் கார்களின் 1 லிட்டர் டர்போ இன்ஜினில் அகலம் 72.2 மில்லிமீட்டர். அங்கே சுமார் 7.7 கிலோஹெர்ட்ஸ். கையில் கால்குலேட்டர் இருந்தால் போட்டுப் பாருங்கள்: 0.586-ஐ ஒலி வேகத்தால் பெருக்கி, மீட்டரில் அகலத்தால் வகுத்தால் போதும்.

இரைச்சலான இன்ஜின்களில் ஒரு சிக்கல். அந்த 7 கிலோஹெர்ட்ஸிலேயே வேறு ஏதாவது உரசிக்கொண்டிருக்கலாம். அப்போது பொறியாளர்கள் மேல் சுருதிக்குத் தாவுவார்கள். மணிக்கு ஒரே ஒரு சுருதி மட்டும் கிடையாது. அடிப்படைக்கு மேலே இன்னும் சில உண்டு. சிலிண்டரில் அடுத்தது சுமார் 1.66 மடங்கு. அதாவது டிக்-எஸ் அளவுக்கு 12 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. கீழே கூட்டமாக இருந்தால் மாடியில் போய்க் கேட்பது மாதிரி.

அடுத்து நேரம். நாக்கிங் எப்போது வேண்டுமானாலும் வராது. பிஸ்டன் உச்சியைத் தொட்டுக் கீழே இறங்கத் தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் வரும். அதனால் இசியு அந்த நேரம் மட்டும் ஜன்னலைத் திறந்து கேட்டுவிட்டு மூடிவிடும். எவ்வளவு நேரம்? நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் இன்ஜினில், கிராங்க் ஷாஃப்ட் 60 டிகிரி திரும்ப ஒரு நொடியில் 600-ல் ஒரு பங்கு. 7.1 கிலோஹெர்ட்ஸ் சத்தம் அதற்குள் 12 முறைகூட முழுதாக அதிர்ந்திருக்காது. மூன்று சிலிண்டர் இன்ஜினில் இந்த வேகத்தில் இப்படி நொடிக்கு 150 ஜன்னல்கள். எந்த ஜன்னல் எந்த சிலிண்டருக்கு என்பதும் கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்பதால், ஒரே சென்சாரை வைத்து மூன்றில் எது தட்டுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பழகிய இரைச்சல்

இதற்குப் பிறகும் ஜன்னலுக்குள் இரைச்சல் வரும். அங்கேதான் கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ‘நாக்கிங் இல்லாதபோது சாதாரணமா இவ்வளவு சத்தம்’ என்று ஒரு சராசரியை வைத்துக்கொண்டு, அதை ஓடஓடப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். இப்போது கேட்டது அந்தச் சராசரியைப் போல இத்தனை மடங்குக்கு மேல் போனால் மட்டுமே நாக்கிங். வேகம் கூடினால் சத்தம் கூடும், சராசரியும் சேர்ந்து கூடும்.

அழகான ஏற்பாடு. ஆனால் ஓட்டை இருக்கிறது. நாக்கிங் விடாமல் வந்துகொண்டே இருந்தால்? அதையும் சராசரியில் சேர்த்துவிட்டால், ‘இந்த இன்ஜின் இப்படித்தான்’ என்று கம்ப்யூட்டர் பழகிவிடும். காது செவிடாகிவிடும். அதனால் நாக்கிங் என்று தீர்ப்பான சுற்றுகளைச் சராசரியில் சேர்க்காமலோ, மிகக் குறைவாகச் சேர்த்தோ எழுதுகிறார்கள்.

இன்னொரு ஓட்டைதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது, பயமுறுத்தியதும் அதுதான். டிக்-எஸ் காரில் சூப்பர்சார்ஜர் எப்போதும் சுழலாது. மெதுவாக ஓட்டும்போது ஒரு கிளட்ச் அதைக் கழற்றிவிடும், மைலேஜ் மிச்சம். நீங்கள் லாரியை முந்த ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் கிளட்ச் ‘டக்’ என்று சேரும், இரைச்சல் சட்டென்று எகிறும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சராசரியோ பழைய, அமைதியான நேரத்துச் சராசரி. புதிய இரைச்சலை நாக்கிங் என்று நினைத்தால் நீங்கள் முந்தப் போகும் அந்த நொடியில் பவரைப் பிடுங்கிவிடும். சரி, கொஞ்ச நேரம் காதை மந்தமாக்கிக்கொள்வோம் என்றால், காற்று திடீரென நிறைந்து உண்மையிலேயே நாக்கிங் வர அதிக வாய்ப்புள்ள நொடியும் அதேதான். இந்த இரண்டுக்கும் நடுவே, வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப எவ்வளவு மந்தம், எத்தனை சுற்றுகளுக்கு என்று எண்களை நிரப்புவதில்தான் பொறியாளர்களின் நாட்கள் கழிகின்றன. சூப்பர்சார்ஜர், டர்போ வைத்த எந்த இன்ஜினுக்கும் இந்தத் தலைவலி ஏதோ ஓர் அளவில் உண்டு.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? சோதனைக் கூடத்தில், சிலிண்டருக்குள்ளேயே அழுத்தத்தை அளக்கும் விலை உயர்ந்த சென்சாரைப் பொருத்துவார்கள். அது பொய் சொல்லாது. வேண்டுமென்றே நாக்கிங் வரவழைத்து, உள்ளே நடந்ததையும் வெளியே உள்ள சென்சார் கேட்டதையும் ஒப்பிடுவார்கள். கூடவே ஹெட்போன் மாட்டிய ஒருவர் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கிறார்களே, அதன் பணக்காரச் சொந்தக்காரர்.

நாக்கிங் என்று முடிவானால் கம்ப்யூட்டர் அந்த சிலிண்டருக்கு மட்டும் பொறியைச் சில டிகிரி தாமதமாக வைக்கும். சட்டென்று பின்வாங்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு வரும்.

இருங்காட்டுக்கோட்டையில் வேறு கணக்கு

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. 3.717 கிலோமீட்டர் நீளம். சித்திரை வெயிலில் தார் உருகும்போது அங்கே ஓடும் இன்ஜின்களுக்கு உள்ளே போகும் காற்றே சூடு. ரேஸ் இன்ஜின்களில் சென்சாருக்கு இன்னும் கஷ்டம். ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி விட்டுப் பொருத்துவார்கள். இன்ஜின் சூடாகும்வரை அவை சிலிண்டர் சுவரில் தட்டும். நேர்ப்பல் கியர்கள் அலறும். ரப்பர் இல்லாத மவுண்ட்டுகள் எல்லா அதிர்வையும் அப்படியே கடத்தும். கம்பெனி எழுதிய எண்களோடு இந்த மாற்றங்களைச் செய்தால், சென்சார் ‘நாக்கிங், நாக்கிங்’ என்று பொய்யாகக் கத்தும்.

இதே கதை நம் தெருவுக்கும் வந்துவிட்டது. டர்போ காருக்கு ‘ரீமேப்’ செய்துகொள்வது இப்போது சகஜம். அழுத்தத்தைக் கூட்டுவார்கள், பொறியை முன்னால் தள்ளுவார்கள். சென்சார் தடுக்கிறது என்றால் அதன் உணர்வைக் குறைத்துவிடுபவர்களும் உண்டு. கார் பறக்கும். தீ எரிகிறதா என்று பார்க்க ஆள் இல்லாத வீட்டில் புகை அலாரத்தைக் கழற்றி வைத்த மாதிரி. ரீமேப் செய்யப் போகிறீர்கள் என்றால் ‘எவ்வளவு பிஎஸ் கூடும்’ என்பதைவிட, ‘ஓட்டிப் பார்த்து நாக் லாக் எடுத்துக் காட்டுவீர்களா’ என்பதைக் கேளுங்கள்.

சென்சாராலும் முடியாதது

முதலில் சொன்ன ப்ரீ-இக்னிஷன் இங்கே வருகிறது. சின்ன டர்போ இன்ஜின்களில், குறிப்பாக நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகையில், குறைந்த வேகத்தில் பெரிய கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால், ஆயில் கலந்த துளியோ படிவுத் துகளோ பொறிக்கு முன்பே பற்றவைத்துவிடலாம். அதைத் தொடர்ந்து வருவது சூப்பர் நாக். ஒரே அடியில் பிஸ்டன் உடையும் அளவுக்கு இருக்கலாம். சென்சார் கேட்கும், ஆனால் கேட்டு என்ன பயன்? பொறியைத் தாமதப்படுத்தலாம் என்றால், பற்றவைத்ததே பொறி இல்லையே.

அதற்குத் தடுப்பு ஆயிலில் இருக்கிறது. கால்சியம் சேர்மானத்தைக் குறைத்த ஆயில்கள் இதைக் கட்டுப்படுத்துவது தெரிந்து, ஏபிஐயின் ‘எஸ்பி’ தரத்தில் இதற்கென்றே சோதனை வைத்திருக்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். டர்போ காருக்குப் பழைய தர ஆயிலை விலை குறைவென்று ஊற்றாதீர்கள். கியரைக் குறைக்கச் சோம்பல் படாதீர்கள்.

பெட்ரோல் மாறியதே, அது?

முன்பு நாக்கிங்குக்கு மருந்து ஈயம். 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்க்லி கண்டுபிடித்தது. இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் விடைபெற்றது. அப்புறம் நீண்டகாலம் நம் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். ஐரோப்பாவில் சாதாரணமே 95. இப்போது நம் பங்குகளில் வரும் இ20 பெட்ரோலுக்கான தரமும் 95. எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும். ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சியையும் தரும். மைலேஜ் குறைவது, பழைய ரப்பர் பாகங்கள் பற்றிய கவலைகள் எல்லாம் தனிக் கதை. நாக்கிங் என்ற ஒரே கோணத்தில் மட்டும் பார்த்தால் இ20 எதிரி இல்லை.

அதற்காக 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் எந்த கார் வேண்டுமானாலும் பறக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் நாக் சென்சாரின் வேலை பொறியைப் பின்னால் இழுப்பது மட்டும்தான். கம்பெனி எழுதிய இடத்தைத் தாண்டி அது முன்னால் போகாது.

‘செக் இன்ஜின்’ எரிந்து பி0325 வந்தால்

நாக் சென்சார் இணைப்பில் கோளாறு என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டதை கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும் தெரியுமா? அமைதியை வைத்து. காஞ்சியில் நெசவாளர் தெருவில் வளர்ந்தவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழாது, தறி நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதே மாதிரி, இன்ஜின் 4,000 சுற்றில் ஓடும்போது சென்சாரில் இருந்து இரைச்சலே வரவில்லை என்றால் ஏதோ தப்பு. உடனே பொறியைப் பாதுகாப்பான அளவுக்குப் பின்னால் இழுத்துவிடும். கார் ஓடும், ஆனால் இழுவை இருக்காது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

எலி ஒயரைக் கடித்திருக்கலாம், கனெக்டரில் தண்ணீர் போயிருக்கலாம். சென்சாரையே மாற்ற வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ஒற்றை போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான். கார் சக்கர நட்டுக்கு 100-ஐ ஒட்டி இருக்கும். லூசாக விட்டால் சென்சார் மந்தமாகும்; ‘நல்லா டைட் பண்ணிட்டேன் சார்’ என்று முறுக்கிவிட்டாலும் படிகம் சரியாக வேலை செய்யாது. உங்கள் காருக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, வாஷர் எதுவும் நடுவில் வைக்காமல், உலோகத்தோடு உலோகம் ஒட்ட மாட்ட வேண்டும்.